கடைசி 25 மீட்டர்

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி6, கார்ட்டோசாட்-1 என்னும் பெரிய செயற்கைக்கோளுடன் 42.5 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கலத்தையும் சுமந்து சென்றது. பெங்களூரில் உருவான அக்கலத்துக்கு ஹாம்சாட் என்று பெயர். தன்னார்வ வானொலியாளர்கள், அதாவது உரிமமும் அழைப்புக்குறியும் பெற்று வீட்டிலிருந்தே அலைபரப்பும் 'ஹாம்'கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கென்றே இஸ்ரோ அதைச் செய்தளித்தது. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களுள் ஒன்று இந்தியாவில் செய்யப்பட்டது. மற்றதை நெதர்லாந்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் வில்லியம் லெய்யனார் செய்தார். தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வரும் குரலை வாங்கி, 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அது திருப்பி அனுப்பும். அனுப்பும் ஆற்றல் ஏறத்தாழ 1 வாட். ஒரு கைவிளக்கை எரிக்கப் போதுமான அளவு, அவ்வளவே.

அந்த ஒரு வாட்டைக் கேட்க விரும்பியோருள் ஒக்கலிபுரத்துக்காரர் ஒருவரும் இருந்தார். தொலைபேசித் துறையில் நிலத்தடி வடங்களை இணைக்கும் வேலையில் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்றவர். ரயில் பாதைகளுக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் இடையே நெருங்கி நிற்கும் ஒடுங்கிய வீடுகளுள் ஒன்றில், தரைத்தளத்தில் அவருடைய வானொலி மேசை இருந்தது. ஆன்டெனாவோ மூன்றாம் மாடிக்கு மேல், தண்ணீர்த் தொட்டியின் அருகில். இரண்டுக்கும் இடையே சுவரோரமாக வடம் வந்து சேர 25 மீட்டர் வேண்டும். விண்ணில் 600 கிலோமீட்டருக்கு மேல் யாதொரு தடையுமின்றி வந்த அலை, இந்த 25 மீட்டரில் என்னவாகிறது என்பதே அவர் முன் நின்ற வினா.

இவ்வகை வடத்தை இணையச்சு வடம் என்றும் ஓரச்சு வடம் என்றும் தமிழில் வழங்குகிறார்கள். பொருளுக்குப் பின்னதே பொருந்துகிறது. நடுவில் ஒரு செப்புக் கம்பி, அதைச் சூழ்ந்து பாலித்தீன், அதைச் சூழ்ந்து செப்புப் பின்னல், அதன்மேல் கரிய உறை. கம்பிக்கும் பின்னலுக்கும் அச்சு ஒன்றுதான், இரண்டு அச்சுகள் இணையாக ஓடவில்லை. 1880இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஆலிவர் ஹெவிசைடும் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவரே. கடைத்தெருவுக்கு இந்தக் கலைச்சொல் ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படுவதில்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அது 'கோஆக்ஸ்'. அதற்கும் கீழிறங்கினால் 'டிஷ் ஒயர்'.

கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "அம்பதா, எழுபத்தஞ்சா அண்ணா?" என்பது. ஓம் கணக்கு. இவ்விடத்தில் தொலைபேசி வடத்தோடு வாழ்ந்த ஒருவரின் கை தன்னியல்பாக மல்டிமீட்டரைத் தேடும். எதிர்வீட்டுப் பொறியியல் மாணவனும் அதைத்தான் செய்து பார்த்தான்.

"அங்கிள், மீட்டர்ல அம்பது காட்டலையே?"

"காட்டாது தம்பி. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வாங்கினாலும் காட்டாது."

அந்த ஐம்பது, கம்பியின் தடை அன்று. வடத்தில் ஓடும் அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம். கம்பியின் விட்டம், பின்னலின் விட்டம், இடைப்பொருளின் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. நீளத்தை அது பொருட்படுத்துவதில்லை. காற்றை இடைப்பொருளாகக் கொண்ட வடத்தில் இழப்பு மிகக் குறைவது 77 ஓமை ஒட்டி. மிகுந்த ஆற்றலைத் தாங்குவது 30 ஓமை ஒட்டி. அனுப்பவும் பெறவும் வேண்டியவர்களுக்கு நடுவே ஒரு 50, பெறுவது மட்டுமே தொழிலான தொலைக்காட்சிக்கு 75 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

இரண்டாவது கேள்வி பெயரைப் பற்றியது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆர்ஜி-58, ஆர்ஜி-8, ஆர்ஜி-213 என்னும் எண்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அமெரிக்கப் படைத்துறைப் பட்டியலிலிருந்து வந்தவை. அன்று ஓர் எண்ணைச் சொன்னால் கம்பியின் பருமன், பின்னலின் அடர்த்தி, உறையின் பொருள் யாவும் அதற்குள் அடங்கின. படைத்துறை அந்த வரையறையைக் கைவிட்ட பின்னும் எண்கள் சந்தையில் தங்கிவிட்டன. இன்று உறைமீது 'ஆர்ஜி-58' என்று அச்சிட்டிருந்தால், சுமார் 5 மில்லிமீட்டர் பருமனுள்ள 50 ஓம் வடம் என்பதற்கு மேல் உறுதியாக எதையும் கொள்ள இயலாது. பின்னல் நெருக்கமாகவும் இருக்கலாம், உள்ளிருக்கும் வெண்மை கண்ணுக்குத் தெரியும்படி ஐதாகவும் இருக்கலாம். குறி நிற்கிறது, குறிக்கப்பட்டது நழுவிவிட்டது. சொற்பொருள் மாற்றத்துக்கு அகராதியை மட்டுமே புரட்டுவோர் ஒருமுறை எஸ்.பி. ரோட்டுக்கும் போய்வரலாம். ஒக்கலிபுரத்துக்காரர் செய்தது எளிய காரியம்: வாங்குமுன் ஓரங்குல நீளத்துக்கு உறையைச் சீவிக் காட்டச் சொன்னார். சீவ மறுத்த கடையில் அவர் வாங்கவில்லை.

இனி இழப்பு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் முழு உடலிலும் ஓடாது. மேற்பரப்போடு ஒட்டியே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்பின் மேல் சுமார் 25 மைக்ரான் ஆழம். 145இல் ஐந்தரை மைக்ரான் மட்டுமே. அதிர்வெண் ஏற ஏற ஓடுபாதை குறுகுகிறது, இழப்பு வளர்கிறது. ஆகவே 'நல்ல வடம் எது?' என்னும் கேள்விக்கு, எந்த அதிர்வெண்ணில், எத்தனை மீட்டருக்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. 25 மீட்டர் ஆர்ஜி-58, 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1 டெசிபெல்லைத்தான் விழுங்கும். வானொலியின் குறிமானியில் ஒரு படி என்பது 6 டெசிபெல். மறுமுனையில் கேட்பவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. பெறும்போதும் கேடில்லை. அந்த அலைவரிசையில், நகரத்துக் குழல்விளக்குகளும் மோட்டார்களும் வெல்டிங் பட்டறைகளும் எழுப்பும் இரைச்சல் குரலோடு சேர்ந்தே வருகிறது. வடம் இரண்டையும் ஒரே அளவில் குறைக்கிறது. குறுஅலையில் பேசுவோர் பருமனான வடத்துக்காகக் கடன்படுவது, பெரும்பாலும் பிறர் வீட்டைப் பார்த்துச் செய்யும் செலவு.

145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் நிலைமை வேறு. அதே 25 மீட்டர் ஆர்ஜி-58 இப்போது 5 டெசிபெல் விழுங்குகிறது. மூன்றில் ஒரு பங்குதான் மேசைக்கு வந்து சேரும். 435இல் 9 டெசிபெல்லுக்கு மேல். கீழிருந்து 25 வாட் அனுப்பினால் ஆன்டெனாவை அடைவது 3 வாட். மிச்சம் சுவரோரத்தில் வெப்பமாகப் போகிறது. 10 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆர்ஜி-213 அதே நீளத்தில் 145இல் சுமார் 2.2 டெசிபெல்லும் 435இல் சுமார் 4 டெசிபெல்லும் எடுத்துக்கொள்ளும். நுரைப் பாலித்தீனும் அலுமினியப் படலமும் கொண்ட எல்எம்ஆர்-400 வகையில் 1.2, 2.2 என்ற அளவில் நிற்கும். விலை மட்டும் நிற்காது.

அனுப்பும் பக்கத்து இழப்பைப் பணத்தால் ஈடுசெய்யலாம், ஒரு பெருக்கியை வாங்கினால் போதும். தவிர, ஹாம்சாட் போன்ற கலத்துக்கு அளவுக்கு மீறி அனுப்புவது முறையும் அன்று. அதன் ஒரு வாட்டைப் பேசுவோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஒருவர் கத்தினால் மற்றவர் குரல் அமுங்கும். பெறும் பக்கத்து இழப்போ அப்படிப்பட்டதன்று. வடத்தில் தேய்ந்த குறியைக் கீழே எத்தனை மடங்கு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும், போனது போனதுதான். பெருக்கியைக் கம்பத்தின் உச்சியிலேயே, வடத்துக்கு முன்பாக வைப்பது இதற்குரிய வழி. அதற்கு மேலே மின்சாரம் கொண்டுபோக வேண்டும், அனுப்பும்போது அதை விலக்கிவைக்கும் ரிலே வேண்டும், மழையிலும் இடியிலும் அது பிழைத்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நீர் புகுந்த வடங்களைப் பழுதுபார்த்தவருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை.

தொலைக்காட்சிக்குரிய ஆர்ஜி-6 வடத்தை மாணவன் பரிந்துரைத்தான். 75 ஓம்தான், ஆனால் நுரை இடைப்பொருள் கொண்டதாதலால் 145இல் ஆர்ஜி-58இன் இழப்பில் பாதிகூட இல்லை, பொருத்தமின்மையால் வரும் கூடுதல் இழப்பும் அற்பமே. விலையோ மிக மலிவு. பெரியவர் ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். பின்னல் அலுமினியம், ஈயம் பிடிக்காது என்பது அவர் சொன்ன காரணம். டிஷ் ஒயரை வானொலியில் செருகுவதா என்னும் குலப்பெருமை சொல்லாத காரணம். நியாயம் மாணவன் பக்கமே இருந்தது.

அவனுக்கு இன்னொரு வியப்பும் காத்திருந்தது. பழைய ஆர்ஜி-58இன் மேல்முனையிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கீழே எஸ்டபிள்யூஆர் அளவியைப் பார்க்கச் சொன்னார் பெரியவர். அது 2க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அனுபவமற்றவர் ஏற்றுக்கொள்ளும் அளவு. மேலே சென்ற ஆற்றல் 5 டெசிபெல் இழந்து, முனையில் மோதித் திரும்பும்போது மேலும் 5 இழக்கிறது; ஆகவே திரும்பி வருவது மிகச் சொற்பம், அளவியும் 'எல்லாம் நலம்' என்கிறது. 435இல் அதே சோதனை 1.3க்கும் குறைவாகக் காட்டும். வடம் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்ல அளவீடு!

கடைசியில் அவர் எல்எம்ஆர்-400 வாங்கவில்லை. தாளில் கணக்குப் போட்டபோது வேறொன்று தெரிந்தது. 6 மீட்டர் நீள ஆர்ஜி-213, 145இல் அரை டெசிபெல்லும் 435இல் ஒரு டெசிபெல்லுமே எடுக்கும். 25 மீட்டர் நீளமுள்ள விலைமிக்க வடத்தை, 6 மீட்டர் நீளமுள்ள நடுத்தர வடம் வென்றுவிடுகிறது. வடத்தை மாற்றுவதற்குப் பதில் மேசையை மாற்றினால் போதும். மொட்டைமாடியில் படிக்கட்டு முடியுமிடத்து அறையில் ஒரு பலகையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டார். குறுஅலை வானொலி, பழைய ஆர்ஜி-58உடன், கீழேயே இருந்தது.

இதற்கான விலை பணத்தில் இல்லை, முழங்காலில் இருந்தது. துருவங்களுக்கு அருகே செல்லும் ஹாம்சாட்டின் சுற்றுப்பாதை அமைந்த விதத்தில் அது காலையிலும் இரவிலும் பத்து, பதினொரு மணி வாக்கில் தலைக்கு மேல் வந்தது. ஒருமுறை வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். மூன்று மாடிகளின் படிகளை அதற்காக ஏற வேண்டும். "ஏங்க, இந்நேரத்துக்கு மாடியில என்ன வேலை?" என்று வீட்டில் கேட்ட குரலுக்கு அவரிடம் டெசிபெல் கணக்கைத் தவிர வேறு விடை இல்லை. மாதக்கணக்கில் தொடர்ந்த அந்தப் பூசல், அவர் ஒருநாள் இரவு அம்மையாரையும் மேலே அழைத்துச் சென்று காதணியை மாட்டிவிட்ட பிறகு சற்றே தணிந்தது. யாரோ ஒருவர் புரியாத மொழியில் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதுக்கா?" என்றாராம் அம்மையார். ஆனால் காதணியை உடனே கழற்றவில்லை.

வடத்தின் இறுதிப் பகைவன் மழை. பின்னலின் நுண்ணிழைகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுக்கின்றன. செம்பு கறுக்கிறது, இழப்பு ஓசையின்றி ஏறுகிறது. பழைய ஆர்ஜி-8 வடங்களில் உறையின் மென்மையூட்டி மெல்லக் கசிந்து உள்ளிருக்கும் பாலித்தீனையே கெடுத்தது. 213இன் உறை அக்குறை நீங்கியது. இணைப்பியைப் பற்றியும் ஒரு சொல். பிஎல்-259 என்னும் பரவலான இணைப்பிக்கு 'யூஎச்எஃப் கனெக்டர்' என்று பெயர். 1930களில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதெல்லாம் மீயுயர் அதிர்வெண்ணாகக் கருதப்பட்டதால் வந்த பெயர் அது. இன்று யூஎச்எஃப் எனப்படும் பகுதிக்கு அது ஏற்றதன்று, நீரையும் தடுக்காது. பெல் ஆய்வகத்தின் பால் நீல் பெயரால் வழங்கும் என் வகை இணைப்பி இரண்டுக்கும் தகுந்தது. ஒக்கலிபுரத்துக்காரர் அதைத்தான் போட்டார். அதன்மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றினார். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வதுபோல், அப்போதுதான் மேற்சுற்று கீழ்ச்சுற்றை மூடும். இணைப்பிக்குக் கீழே வடத்தை ஒரு தொங்கல் விட்டார், வழியும் நீர் அங்கே சொட்டிவிட. இந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாண்டு உழைக்கும் என்று கணித்து அனுப்பப்பட்ட ஹாம்சாட் ஒன்பது ஆண்டுகளைக் கடந்து, மின்கலம் செயலிழந்து, 2014 ஜூலையில் ஓய்ந்தது. மாடி அறை காலியாகவில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலுக்கு அதே வடம் போதுமானதாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், அவர் மேல்முனையில் கறுத்துப்போன ஒரு சாண் வடத்தை வெட்டியெறிந்து புதிய இணைப்பியைப் பொருத்துகிறார். 6 மீட்டர் இப்போது ஐந்தேகாலாகக் குறைந்திருக்கிறது. கம்பத்தை இன்னும் கொஞ்சம் அறைப்பக்கமாக நகர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.