பால்கோவா கேட்ட பேய்

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப்போகும் கூட்டம் மகாராஜபுரத்தைத் தாண்டித்தான் தாணிப்பாறைக்குப் போகும். அந்த நெரிசலைப் பார்த்தால் எனக்குச் சுந்தரமகாலிங்க சாமி ஞாபகம் வராது, அவன்தான் வருவான்.

பத்தாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரன். சைக்கிள் கடைப் பையனுக்கு அவன் எழுதிய கடிதம் அப்பா கையில் சிக்கியது. பொம்பளைப் பேய் இறங்கியிருக்கிறது என்று கோடாங்கி சொன்னார். ஒரு மண்டலம் தங்க வேண்டுமென்று வெளியூருக்குக் கூட்டிப்போனார்கள். இடத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே அவன் வயசில் இன்னும் இரண்டு பேர். கல்யாணத்துக்கு மாட்டேன் என்ற ஒரு பெண், பரீட்சையைக் கண்டால் வலிப்பு வரும் ஒரு பையன். உடுக்கை எந்த அடியில் ஆட வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று ராத்திரியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்களாம். பேசாமல் இருந்தால் வேப்பங்குச்சி அடி விழும்.

"நீ யாரு?"

"கூமாபட்டிக் கிணத்துல விழுந்தவ."

"என்ன வேணும்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா."

வாங்கிவரச் செய்தார்கள். மூன்று பேரும் பங்கு போட்டுத் தின்றுவிட்டுப் பேயை அனுப்பிவைத்தார்கள்.

இருக்கன்குடியில் மொட்டை போட்டுத் திரும்பியவன் தொண்டையைக் கட்டிப் பேசினான், கையை வீசாமல் நடந்தான். பேயாக ஆடியது சில வாரம். குணமானவனாக ஆடியதற்குக் கணக்கில்லை. அவன் அம்மா எல்லோரிடமும் பெருமைப்பட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகியபோது, செய்தித்தாளை மடித்துவிட்டு அவனைத் தேடிப்போனேன். ஊரில் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலின ஈர்ப்பை வைத்தியத்தால் மாற்ற முயலக் கூடாது, அப்படி முயலும் மருத்துவரின் உரிமத்தையே பறிக்கலாம் என்று உத்தரவிட்டார். மதுரையிலிருந்து வெளியேறி வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. உரிமம் வாங்கி யார் உடுக்கை அடிக்கிறார்கள்?

போனில் அவனிடம் சொன்னேன். இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று அந்த நீதிபதி ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசியதையும் சொன்னேன். அதற்குத்தான் சிரித்தான்.

"எங்கய்யாவையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல!"

அவன் அய்யா அதற்குள் போய்ச்சேர்ந்திருந்தார்.