ஆயிரத்து முப்பத்து மூணு பேர்ல எங்க பெரியப்பா

போன வாரம் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன்ல ட்ரெய்னுக்கு நின்னுட்டிருந்தப்போ, கூட வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர் 1999 நியூ சவுத் வேல்ஸ் தேர்தல் கதையை ஆரம்பிச்சார். மாநில மேலவைக்கு 264 பேர் மனு போட்டு, வாக்குச்சீட்டு மேஜை விரிப்பு சைஸுக்கு வந்துடுச்சாம். சொல்லும்போதே ஒரு பெருமை வேற.

விடுவேனா? "எங்க ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில, 1996 சட்டமன்றத் தேர்தல்ல, ஒரே தொகுதிக்கு 1,033 பேர்"னேன். மனுஷன் கப்சிப். தேர்தலையே ஒரு மாசம் தள்ளிவெச்சு, வாக்குச்சீட்டைப் புத்தகமா அடிச்சாங்க. அந்த 1,033-ல எங்க பெரியப்பாவும் ஒருத்தர்.

ராத்திரி அவருக்கு போன் போட்டேன்.

"எத்தனை ஓட்டுங்க பெரியப்பா வாங்குனீங்க?"

"எங்க கண்ணு, அந்தப் புஸ்தகத்துல எம்பேரை என்னாலயே கண்டுபுடிக்க முடியல!"

சிரிச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சது. இங்கே சின்னச் சின்னக் கட்சிங்க விருப்ப வாக்கைக் கைமாத்தி ஒரு சீட் பிடிக்கப் பாத்தாங்க, 0.2 சதவீதம் வாங்கினவர் ஒருத்தர் ஜெயிச்சும் காட்டினார். அங்கே பெரும்பாலும் விவசாயிங்க. ஜெயிக்க இல்லை, எங்க குறையைக் கேளுங்கன்னு நின்னாங்க. ரெண்டு ஊர்லயும் அப்புறம் சட்டத்தை இறுக்கிட்டாங்க. அன்னிக்கு நம்மூர்ல டெபாசிட் 250 ரூபாய், இப்போ 10,000.

"இப்பன்னா நிப்பீங்களா?"

"அவ்வளவு காசுக்கு எங்க போறது கண்ணு?"

"அப்போ அந்தக் குறையெல்லாம்?"

"அது அப்படியேதான் கெடக்குது."