களிமண்ணைக் கேட்டுக் கட்டுகிறவர்கள்

சுத்தியலின் எடை ஐந்து கிலோ. 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. முனை கூரான இரும்புக் கம்பி ஓர் அடி இறங்க எத்தனை குத்து வேண்டும் என்பதுதான் கணக்கு. பத்து பஹாட் பக்கம் ஒரு கோயில் மண்டபம் எழவிருந்த நிலத்தில் வங்காளதேச இளைஞர்கள் இருவர் இந்த மெக்கின்டாஷ் சோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் குத்த, இன்னொருவர் 'சத்து, டுவா, தீகா' என்று மலாயில் எண்ணி நோட்டில் குறித்தார். மேல்மண்ணில் இருபது, முப்பது என்று ஓடிய எண்ணிக்கை இரண்டு மீட்டர் தாண்டியதும் மூன்றுக்கு வந்துவிட்டது. அப்புறம் எண்ணவே வேலையில்லை. தயிரில் கரண்டி இறங்குவதுபோலக் கம்பி தன்பாட்டுக்கு இறங்கியது.

“இதுதாங்க ஜொகூர் மேற்குக்கரை” என்றார் என்னை அழைத்துப் போயிருந்த பொறியாளர். மூவார், பத்து பஹாட், பொந்தியான் என்று நீளும் இந்தச் சமவெளியின் அடியில் கிடப்பது கடல் விட்டுச் சென்ற களிமண். பாரிட் ராஜாவிலுள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் மென்மண் ஆய்வுக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். வேறு எங்கே வைப்பது?

இந்த மண் உலகப் புகழ் பெற்றது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை போட்ட காலத்தில், மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் சோதனைக்காக மண்மேடுகளை எழுப்பியது. அவற்றில் ஒன்றை, அடிநிலத்தைப் பலப்படுத்தாமல், சரியும் வரை உயர்த்திக்கொண்டே போனார்கள். எந்த உயரத்தில் சரியும் என்று பல நாட்டு நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். நூறு நாளில், 5.4 மீட்டரில் அது சரிந்தது. 1989இல் கோலாலம்பூரில் கூடி விடைகளை ஒப்பிட்டபோது, பெரிய பெரிய பெயர்களின் கணிப்புகளும் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. அந்த மேட்டை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஏ.எஸ். பாலசுப்பிரமணியம், பாங்காக்கின் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். மென்களிமண் பற்றிய கட்டுரைகளில் மூவார் இன்றும் வந்து போகிறது. மூவார்க்காரர்களிடம் கேட்டால் மீ பாண்டூங் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள்.

கோயில் நிர்வாகத்துக்கு இந்த வரலாறெல்லாம் எட்டியிருக்கவில்லை. மெக்கின்டாஷ் போதாது, பாறையோ கெட்டி மணலோ தட்டும்வரை துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்ததும் தலைவர் முகம் சுளித்தாராம். “மண்ணைத் தோண்டிப் பாக்கவே இவ்வளவு வெள்ளியா சார்? அந்தக் காசுல ஒரு பக்கச் சுவரே எழுப்பிடலாமே!” அவர் கேட்டதில் குற்றமில்லை. உண்டியல் காசு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் போக வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கட்டடம் நிற்கிறது.

பைலிங் தொடங்கியபோதும் போயிருந்தேன். இருபது சென்டிமீட்டர் சதுரக் கான்கிரீட் பைல், ஒவ்வொரு துண்டும் ஆறு மீட்டர். முதல் துண்டின் மேல் சுத்தியலை வைத்ததுமே அது பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது, அடிக்கவே இல்லை. இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து அடுத்த துண்டு, அதற்கடுத்தது. நான்காவது துண்டில்தான் சுத்தியலின் சத்தம் மாறியது. பைலிங் மேஸ்திரி, பேராக்கிலிருந்து வந்தவர், கையைக் காட்டினார். பைலில் ஒரு கட்டக்காகிதத்தை ஒட்டினார்கள். பக்கத்தில் குறுக்கே வைத்த பலகையில் பென்சிலை ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் மெல்ல நகர்த்தினார் ஒரு தொழிலாளி. இறங்கி எழும்பும் பைல் தானே தன் கோட்டை வரைந்தது. கடைசிப் பத்து அடிக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது வரைபடத்திலிருந்த குறிப்பு. “செட் கிடைச்சிருச்சுண்ணே” என்று அவர் காகிதத்தைக் கிழித்து மேஸ்திரியிடம் கொடுத்தார். தலைக்கு மேல் மூன்று டன் சுத்தியல் தொங்கும்போது பென்சில் பிடிக்கிற கை அது.

பைல் அடித்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றுதான் நானும் எண்ணியிருப்பேன். பொறியாளரின் அலுவலகத்தில் பிளான் வரையும் பெண் அதைக் கலைத்தார். மண்டபத்தின் பிளானை அவர் எப்போதோ முடித்துவிட்டார். லோங்காங் என்கிற வடிகால்தான் அவரை வாட்டுகிறது. 1க்கு 500 சரிவு என்றால் நூறு மீட்டர் நீளத்துக்கு இருபது சென்டிமீட்டர்தான் இறக்கம். வெள்ளத்துக்குப் பயந்து நிலத்தை ஒரு மீட்டர் மண்போட்டு உயர்த்துகிறார்கள். ஒரு மீட்டர் மண் சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன், ஏறக்குறைய இரண்டு மாடி வீட்டின் பாரம். களிமண் தன்னிலிருக்கும் நீரை மெதுவாக வெளியேற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அமுங்கும். லோங்காங்கின் மேல்முனை கீழ்முனையைவிட முப்பது சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினால் சரிவே திரும்பிவிடும். தண்ணீர் வந்த வழியே வரும். அமுங்கும் மண் பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். அந்த இழுப்பையும் பாரத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவில்லை. பக்கத்துத் தாமான் ஒன்றில் வீடுகள் வரிசை குலையாமல் நிற்கின்றன, பைல்மேல் நிற்பவை. கார் நிறுத்தும் தரையும் லோங்காங்கும் மண்மேல் கிடப்பதால் இறங்கிவிட்டன. வாசல்படிக்கும் தரைக்கும் நடுவே பூனை குட்டி போடுமளவுக்கு இடைவெளி.

2023 மார்ச் வெள்ளத்தில் பத்து பஹாட் வட்டாரத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. கடல் ஏறும் நேரத்தில் அலைக்கதவுகளை மூடித்தான் ஆக வேண்டும். அப்போது மழையும் சேர்ந்தால் நீருக்குப் போக்கிடமில்லை. அதனால்தான் மழைநீரைத் தளத்திலேயே தேக்கி மெதுவாக விடச் சொல்கிறது மஸ்மா என்று இவர்கள் அழைக்கும் கையேடு. 2001 முதல் நடைமுறையிலிருக்கிறது, 2012இல் இரண்டாம் பதிப்பு வந்தது. கையேட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவு ஒதுக்கீட்டில் மண் சோதனையும் வடிகாலும் கடைசி வரிசையில் நிற்பதுதான் கோளாறு. 2007இல் கட்டடத் தகுதிச் சான்றிதழ் முறை மாறியதிலிருந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பவர் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவுபெற்ற கட்டட வரைவாளரோதான். ஊராட்சி மன்றம் இல்லை. செலவைக் குறைக்கச் சொல்கிற நிர்வாகம் அந்தக் கையெழுத்தில் பங்கு கொள்வதில்லை.

கோயில் நிர்வாகத்திலோ பள்ளி மேலாளர் வாரியத்திலோ இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டடத்துக்குப் பிளான் வந்ததும் முகப்பு வண்ணத்தைப் பேசுவதற்கு முன், துளைச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பத்து ஆண்டு கழித்து லோங்காங் எவ்வளவு இறங்கியிருக்கும் என்றும் கேளுங்கள். பொறியாளர் எண்ணில் பதில் சொல்லவில்லையென்றால் அந்தப் பிளானைத் திருப்பிக் கொடுங்கள்.