தடமும் வீதியும்

ஒரு கருவியின் தகுதியை அக்கருவியை மட்டும் நோக்கி அளந்துவிட முடியாது. அது இயங்கும் களத்தையும் உடன்வைத்தே அளத்தல் வேண்டும். ஆழ்கடலுக்கென அமைந்த கலம் ஆற்றில் தரைதட்டும். ஆற்றுத் தோணி கடலில் கவிழும். இரண்டிலும் குறை கலத்தினுடையதன்று. எளிதான இவ்வுண்மையை மோட்டார்ச் சைக்கிளைப் பொறுத்தவரை நம்மவர் பலரும் மறந்துவிடுகின்றனர். பந்தயத்துக்கெனப் பிறந்த அதிவேக வண்டி வீதியிலும் மேலானதாகவே இருக்கும் என்ற எண்ணம் இளைஞரிடையே வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் பயனுடையதாகும்.

இவ்வண்டிகள் வீதிக்கு வந்த வரலாறே விந்தையானது. 1985இல் சுசுகி நிறுவனம் வெளியிட்ட ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர் 750, பந்தய வண்டியின் உடலமைப்பை ஏறத்தாழ அப்படியே கடைக்குக் கொண்டுவந்தது. 1988இல் உலக சுப்பர்பைக் போட்டிகள் தொடங்கின. பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டியை அடிப்படையாகக் கொண்டே இப்போட்டிக்குரிய வண்டி அமைதல் வேண்டும் என்பது அதன் விதி. விளைவு யாது? ஞாயிறன்று தடத்தில் வெல்ல விரும்பிய நிறுவனம், தடத்துக்குரிய வண்டியை மக்களுக்கும் விற்கவேண்டியதாயிற்று. 1998இல் வந்த யமஹா ஆர் 1 இவ்வழியில் ஒரு மைல்கல். இன்று இவ்வகை 1000 சி.சி. வண்டிகள் சுமார் 200 கிலோ எடையும் 200 குதிரைவலு அளவிலான ஆற்றலும் உடையன. முதலாவது கியரிலேயே மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிவிடுவன. இலங்கையின் சாதாரண வீதிகளில் மோட்டார்ச் சைக்கிளுக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் 70 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார்ச் சைக்கிளுக்கு இடமேயில்லை. ஆகவே, அத்தகைய வண்டியை வாங்கியவன் ஆறு கியர்களில் ஐந்தை அணிகலனாகவே சுமந்து திரிகின்றான் எனலாம்.

தடம் என்பது யாது? தமிழ்நாட்டின் சோழவரத்திலும் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளங்களே பின்னர் பந்தயக் களங்களாயின. இது தற்செயல் எனத் தோன்றலாம். ஆயின், சமமான நிலம், மறைப்பற்ற வெளி, ஓரத்தில் மரமோ மதிலோ இல்லாமை என்னும் பண்புகள் விமானத்துக்குப் போலவே பந்தயத்துக்கும் வேண்டியவை. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனித் தடமொன்றையே திறந்தது. இத்தகைய தடத்தில் அனைவரும் ஒரே திசையில் ஓடுவர். எதிரே லொறி வாராது. குறுக்கே ஆடு வாராது. ஒவ்வொரு வளைவையும் ஓட்டுநன் நூறு முறை கண்டிருப்பான். கொடி காட்டுவோரும் மருத்துவரும் காத்திருப்பர். விழுந்தவன் வழுக்கிச்சென்று ஓய்வதற்கு வெளி இருக்கும். டயர்கள் புறப்படுமுன்னரே போர்வையிட்டுச் சூடேற்றப்படும். உலகக் கிண்ண வண்டிகளின் கரிமத் தட்டுப் பிரேக்குகளும் நன்கு சூடேறிய பின்னரே தம் முழு ஆற்றலைக் காட்டும். சூடேறாத நிலையில் அவை வீதி வண்டியின் உருக்குத் தட்டுக்குக்கூட ஈடாகமாட்டா. தடத்தில் காணும் வேகம் வண்டியின் வேகம் மட்டுமன்று. வண்டியைச் சூழ்ந்து நிற்கும் இத்தனை ஏற்பாடுகளின் வேகமுமாகும்.

இனி வீதிக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ 4 பெருவீதியில், அவிசாவளையைக் கடந்ததும் வருவது எஹலியகொட. இருபுறமும் இறப்பர்த் தோட்டங்கள், வயல்கள், மாணிக்கக் குழிகள். இரத்தினபுரி மாவட்டத்தின் இப்பகுதி தென்மேற்குப் பருவமழையை நேராக ஏற்கும் நிலம். மழை பெய்த காலையில் இறப்பர் மரத்திற் பால்வெட்டு நடைபெறாது. ஆனால் வீதியில் ஓட்டம் நிற்பதில்லை. பேருந்துகள் ஒன்றையொன்று முந்தும். முச்சக்கரவண்டி முன்னறிவிப்பின்றித் திரும்பும். தோட்டத்து மண்பாதை பெருவீதியைச் சேருமிடத்தில் செம்மண்ணும் சரளையும் தாரின்மீது பரந்து கிடக்கும். பள்ளிச் சிறுவர் குடையின்கீழ் ஓரமாக நடப்பர்.

இவ்வீதியிலுள்ள ஒரு வளைவின் ஆரை 30 மீற்றர் எனக் கொள்வோம். அதில் 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி சுமார் 33 பாகை சாய்தல் வேண்டும். 70 கிலோமீற்றர் வேகமாயின் 52 பாகை. பின்னையது சூடேறிய பந்தய டயருக்கே உரிய சாய்வு. வீதியோ நனைந்து, உராய்வுக் குணகம் 0.4 என்ற அளவுக்கு இறங்கிவிட்டால், அவ்வளைவில் வழுக்காது செல்லத்தக்க உச்ச வேகம் 39 கிலோமீற்றர் மட்டுமே. இக்கணக்கில் ஆரையும் வேகமும் உராய்வும் புவியீர்ப்புமே இடம்பெறுகின்றன. குதிரைவலு என்ற ஒன்று இடம்பெறுவதேயில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 10 குதிரைவலுவுள்ள வண்டிக்கும் 200 குதிரைவலுவுள்ள வண்டிக்கும் அவ்வளைவு ஒரே விடையையே தருகின்றது.

வேறுபாடு ஓட்டுநனிடத்தே உள்ளது. எஹலியகொடவை அண்டிய தோட்டமொன்றில் வாழும் இளைஞன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். தாய் விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போகின்றவள். அவன் கொழும்பிற் கடையொன்றில் வேலைசெய்து, பழைய ஹொண்டா சி.பி.ஆர். 250 ஒன்றை வாங்கியிருக்கின்றான். யப்பானில் 1990இல் வெளியான அவ்வகை, 249 சி.சி. கொள்ளளவுக்குள் நான்கு உருளைகளை அடக்கியது. நிமிடத்துக்கு 15,000 சுழற்சியிற் 45 குதிரைவலு தருவது. அவ்வளவு உயரத்திற் சுழலும்போதுதான் அதன் முழு வலுவும் வெளிப்படும்; அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற ஓசையும் எழும். ஆகவே, வண்டியின் உண்மை இயல்பைக் காண விரும்புபவன் வேகத்தை நாடியே தீரவேண்டும். மெதுவாக ஓட்டினால் அது தன் விலையை மறுக்கின்றது; வேகமாக ஓட்டினால் வீதி அவனை மறுக்கின்றது. தோட்டத்துப் பள்ளப் பாதையில் அதன் அடிப்பாகம் உரசும். குனிந்த இருக்கை மணிக்கட்டை வருத்தும். அயலவனின் 100 சி.சி. வண்டி, பின்னால் தாயையும் மடியில் மளிகைச் சாமான்களையும் சுமந்து அதே மேட்டைச் சலிப்பின்றி ஏறுகின்றது.

இதனை இளமையின் வீண் பகட்டு என ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நீதியன்று. பேரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடும் குரலால் நாளும் பொழுதும் அளக்கப்பட்ட மக்களின் பேரன் அவன். தோட்டத்து எல்லையைத் தாண்டுவதற்கே ஒருவரின் அனுமதியை எதிர்பார்த்த காலம் அவன் வீட்டு நினைவில் இன்னும் உயிரோடிருக்கின்றது. அவிசாவளைக்கு அப்பால் இவ்வூர் வழியே இரத்தினபுரிக்குச் சென்ற களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதமும் 1976இல் நின்றுபோயிற்று. நினைத்த நேரத்தில், நினைத்த இடத்துக்கு, எவரையும் கேளாது செல்லுதல் என்பது அவனுக்கு வெறும் போக்குவரத்தன்று. ஒருவகை மனித மதிப்பு. அவ்வேட்கையை மதியாது கூறப்படும் அறிவுரை அவன் காதில் ஏறாது. ஆயினும், அவ்வீட்டின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் மழை பெய்தால், அந்த எஞ்சின் ஓசை மேட்டுப்பாதையில் கேட்கும்வரை தாய் உறங்குவதில்லை. கால் முறிந்த ஒருவனுக்கு ஆறு மாதச் சம்பளம் தரும் தொழிலல்ல அவனுடையது. தவணைப் பணமோ காயத்துக்காகக் காத்திராது.

வீதியையே தடமாக்கினால் என்ன என்று கேட்போர் உளர். அயர்லாந்துக் கடலிலுள்ள மான் தீவில் 1907 முதல் அவ்வாறே செய்கின்றனர். மலைப்பாதை எனப்படும் அதன் 60 கிலோமீற்றர் சுற்றுவழியை 2023இல் பீற்றர் ஹிக்மன் மணிக்குச் சராசரி 219 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி முடித்தார். ஆனால் அவ்வழியில் மாண்டோர் தொகை 250ஐத் தாண்டியது. 1976இன் பின்னர் அது உலகக் கிண்ணத் தொடரிலிருந்தும் நீக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1934 முதல் நுவரெலியா மகாகஸ்தோட்டையின் மலையேற்றப் போட்டி நடைபெற்று வந்திருக்கின்றது. வீதியை மூடி, ஒருவர்பின் ஒருவராக விடுவதாலேயே அது இயலுகின்றது. தடம் என்ற பெயர் மட்டும் காவலாகாது என்பதற்கும் சான்றுண்டு. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடைபெற்ற கார்ப் பந்தயத்தின்போது, ஒரு கார் விலகிப் பார்வையாளரிடையே புகுந்ததில் எழுவர் உயிரிழந்தனர். காப்பது பெயரன்று, ஏற்பாடு.

தடம் வீதிக்கு நன்மை செய்யவில்லை எனக் கூறுவதற்கில்லை. நல்ல டயரும் தட்டுப் பிரேக்கும் உறுதியான சட்டகமும் பந்தயத்தில் தேறி வந்தவையே. ஆனால் ஒன்றை இங்கு ஒப்புநோக்கலாம். ஏ.பி.எஸ். எனப்படும், சில்லு இறுகிவிடாது காக்கும் பிரேக் முறை 1988இல் பி.எம்.டபிள்யூ.வின் வீதி வண்டியில் வந்தது. இன்றுவரை உலகின் உயர்ந்த மோட்டார்ச் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜி.பி.யில் அதற்கு இடமில்லை. தேர்ந்த வீரனுக்கு வேண்டாத அது, நனைந்த வளைவில் திடீரெனக் குறுக்கிடும் முச்சக்கரவண்டியைக் காணும் சாதாரண மனிதனுக்கு உயிர்க்காவல். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு இந்தியா 2018 முதல் அதனைக் கட்டாயமாக்கியதன் காரணம் இதுவே. வீதிக்குச் சிறந்தது எது என்பதைத் தடம் முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, இளைஞனிடம் வேகத்தை வெறுக்கச் சொல்லுதல் தீர்வாகாது. வேகத்துக்குரிய இடத்தை அவனுக்கு எட்டும்படி செய்வதே தீர்வு. ஓட்டத் திடல்கள் சில நாட்களேனும் சிறு கட்டணத்தில் எளியோருக்குத் திறக்கப்படுதல் வேண்டும். நனைந்த தரையில் பிரேக் பிடிக்கும் பயிற்சி சாரதிப் பத்திரத்தோடு சேர்தல் வேண்டும். வண்டி வாங்கச் செல்பவன், அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பதோடு நில்லாது, எஹலியகொட வீதியில் மழைநாளில் எத்தனை மீற்றரில் நிற்கும் என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். 70 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு வினாடி உணர்வுத் தாமதத்தையும் சேர்த்து, உலர்ந்த தாரில் சுமார் 47 மீற்றர். நனைந்த தாரில் எழுபதை நெருங்கும். இடையிலுள்ள அந்த இருபதுக்கு மேற்பட்ட மீற்றரில்தான் பள்ளிச் சிறுவர் வீதியைக் கடக்கின்றனர்.