கொக்கோஸ் தீவில் ஒரு பெருநாள்

மிடுக்கும் தந்திரமும் மிக்க ஒருவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாளிரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளின்மீது குண்டு வீசி மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. கப்பல் போய்விட்டது, சொல் தமிழில் தங்கிவிட்டது. அக்கப்பல் எங்கே போய் முடிந்தது என்று வகுப்பில் கேட்டால் விடை வருவதில்லை. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள், ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியக் கப்பலால் தாக்குண்டு, கொக்கோஸ் தீவுகளைச் சேர்ந்த வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் அது ஏறி நின்றது. எம்டனைத் தேடிப் புறப்பட்ட நாம் அத்தீவு மக்களைக் கண்டபின் கப்பலை மறந்தோம். கண்டது நேரில் அன்று, நூல்களின் வாயிலாகவே.

இந்துமாக்கடலில், சுமத்திராவுக்குத் தெற்கே, 27 சிறு தீவுகள். எல்லாம் சேர்ந்தும் 14 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்வது இரண்டில் மட்டும். மேற்குத் தீவில் விமான தளமும், ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து வந்த அலுவலர்களும் உளர். ‘ஹோம் தீவு’ எனப்படும் மற்றதில் வாழ்வோர் கொக்கோஸ் மலாய் முஸ்லிம்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த மக்களே அறுநூறுக்கும் குறைவு. நம் ஊர்ப் பள்ளிவாசலின் ஜும்ஆத் தொழுகையில் ஒரு தளத்திற்குக் கூடப் போதாத கூட்டம்!

இவர்கள் விரும்பிக் குடியேறியவர்கள் அல்லர். 1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்பவர் கொண்டுவந்து இறக்கியவர்களின் வழித்தோன்றல்கள். அடுத்த ஆண்டு வந்த கிளூனிஸ்-ராஸ் குடும்பத்தார் தீவையே தென்னந்தோப்பாக்கிக் கொப்பரை வணிகம் நடத்தினர். 1886இல் விக்டோரியா அரசியார் தீவுகளை அக்குடும்பத்துக்கே உரிமையாக வழங்கினார். தேங்காய் உரித்தவனுக்குக் கூலியாகக் கிடைத்தது நாட்டு நாணயம் அன்று, தோட்ட முதலாளி வெளியிட்ட வில்லை. பிற்காலத்தில் அது வெறும் பிளாஸ்டிக் வில்லை. தோட்டத்துக் கடையிலன்றி வேறெங்கும் அது செல்லாது. செல்லாக்காசை மடியில் கட்டிக்கொண்டு எந்தக் கப்பலில் ஏறுவது? 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் பெரும்பகுதியினர் கிறிஸ்துமஸ் தீவுக்கும் சிங்கப்பூருக்கும் வட போர்னியோவின் தாவாவுக்கும் பெயர்ந்தனர். சபுராளிகளை வழியனுப்பிப் பழகிய நம் கடலோர ஊர்களுக்கு அந்தப் பிரிவின் கனம் புரியும். நம் சபுராளி திரும்பி வருவான். அவர்களிற் பலர் திரும்பவில்லை.

மொழியாசிரியர்க்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்று. மலாய் மக்கள் நோன்புப் பெருநாளை ‘ஹரி ராயா புவாசா’ என்பர். ‘ஹரி’ என்றால் நாள். ‘ராயா’ என்றால் பெரிய. அப்படியே நம் ‘பெருநாள்’! ‘புவாசா’ என்பதோ ‘உபவாசம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. தீனை ஏற்ற பின்னும் தம் மண்ணில் வழங்கிய சொல்லை அவர்கள் கைவிடவில்லை. நாமும் ‘நோன்பு’, ‘தொழுகை’ என்ற சொற்களைக் கைவிடவில்லை. நாம் கந்தூரி என்பதை அவர்கள் ‘கெண்டூரி’ என்பர். தமிழ்ச் சொற்களைத் தூய்மை பார்த்து ஒதுக்க முனையும் நண்பர்கள் சற்றே இதனை எண்ணிப்பார்க்கலாம்.

பெருநாளன்று அத்தீவில் தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு வீடு செல்கின்றனர். இளையவர் மூத்தவர் கையைப் பற்றி, ‘மாஃப் ஜாஹிர் பாத்தின்’ என்கின்றனர். வெளிப்படையாகச் செய்த பிழைக்கும் உள்ளத்துள் மறைந்த பிழைக்கும் மன்னிப்பு வேண்டுதல் அது. ஜாஹிர், பாத்தின் என்னும் சொற்களை நம் ஞானியர் பாடல்களிற் பயின்றிருக்கிறோம். அங்கே அவை சிறுவர் வாயிலும் வழங்குகின்றன. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் மனக்கசப்பை மறைத்துவைக்க இடமேது? கசப்புக் கொண்டவன் ஓடிப்போவதற்கும் கடல்தானே இருக்கிறது! ஆதலின் ஆண்டுக்கொருமுறை கணக்கைத் தீர்த்துக்கொள்வது அவர்க்குச் சடங்கு மட்டும் அன்று, வாழ்முறை. நம் ஊரிலோ அண்டை வீட்டாரிடமும் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி அமைகிறோம். பின்னர், தோட்ட வேலைக்கும் மீன்பிடிக்கும் முன்னோர் பயன்படுத்திய ‘ஜூக்கோங்’ என்னும் பாய்மரப் படகுகள் உள்கடலில் பந்தயம் விடப்படுகின்றன. ஒருகாலத்தில் முதலாளியின் தேங்காய்க்காக விரித்த பாய், இப்போது தம் மகிழ்ச்சிக்காக விரிகிறது.

பெருநாட்களைப் போன்றே அங்கு மற்றொரு நாளும் அரசு விடுமுறை: ஏப்ரல் 6. ஆஸ்திரேலிய அரசு 1978இல் 62.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீவுகளின் பெரும்பகுதியை வாங்கியபின், 1984ஆம் ஆண்டு அந்நாளில், ஐ.நா. பார்வையாளர் முன்னிலையில் மக்களின் விருப்பம் கேட்கப்பட்டது. தனிநாடா, தளர்ந்த உறவா, ஆஸ்திரேலியாவுடன் இணைப்பா? வாக்களித்தோர் 261 பேர். இணைப்பை விரும்பியோர் 229 பேர். ஒன்றரை நூற்றாண்டாக ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்கப்படாத மக்கள் முதன்முறை கேட்கப்பட்டபோது பெரும்பாலோர் ஒரே விடை கூறினர். அவர்கள் தனிநாட்டைத் தேர்ந்திருக்கலாமே என்று வாதிடும் மாணவர் உண்டு. முதலாளியின் வில்லையிலிருந்து விடுபட்டவனுக்கு எங்கும் செல்லும் காசு, பள்ளி, மருத்துவம் ஆகியவையே முதல் விடுதலை என்பது நம் கருத்து.

1987இல் கொப்பரைத் தொழில் நின்றது. இன்று பலர் காலையில் படகேறி மேற்குத் தீவுக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பிள்ளைகள் ஆறாம் வகுப்புவரை தம் தீவிலும், பத்தாம் வகுப்புவரை எதிர்த் தீவிலும் பயில்கின்றனர். மேற்கொண்டு கற்க வேண்டுமாயின் பெருநிலம் செல்லவேண்டும். வீட்டில் மலாய், பள்ளியில் ஆங்கிலம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டானிங், போர்ட் ஹெட்லண்ட் முதலிய ஊர்களில் இம்மக்களின் குடும்பங்கள் பல நிலைத்துவிட்டன.

இதனினும் பெரிய கவலை கடலால் வந்துள்ளது. கடல்மட்டத்தினின்று சில மீட்டரே உயர்ந்த தீவு அது. கரை அரிக்கப்படுகிறது, நெடுங்காலத்தில் குடிகளை இடம்பெயர்க்க நேரலாம் என்ற பேச்சு அண்மையில் அரசுத் தரப்பிலேயே எழுந்துள்ளது. முன்னோரைக் கேளாமற் கொண்டுவந்து இறக்கினர். இம்முறை தங்களைக் கேட்டே எதுவும் செய்யப்படவேண்டும் என்று வேண்ட அவர்க்கு முழு உரிமை உண்டு. 1984இன் வாக்குச்சீட்டு அதற்குச் சான்று. மையித்துகளை அடக்கிய கபுறுகள் அம்மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றை எந்தப் படகில் ஏற்றுவது?