முகம் தெரியுதில்ல மகள்

எமது கல்லூரியின் இரண்டு நாள் கலைவிழாவை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பும் பொறுப்பு, உயர்தர தொழில்நுட்பப் பிரிவு மாணவிகளான எங்கள் நால்வருக்குக் கிடைத்தது. எங்களிடம் இருந்தவை ஒரு மடிக்கணினி, யூஎஸ்பி வயரில் பொருத்தும் ஒரு வெப்கமரா, ‘ஓபிஎஸ் ஸ்டூடியோ’ என்ற இலவச மென்பொருள். யூடியூப் இணைப்பைப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு மட்டுமே அனுப்பினோம். இணைப்பு கிடைக்காதவர்கள் தேடினாலும் வராதபடி அதை வைத்திருந்தோம். அதிபர் அனுமதி தந்ததே அந்த நிபந்தனையில்தான்.

எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று தோழியர் கணக்குப் போட்டார்கள். நான் நினைத்தது ஒருவரை மட்டும்: புத்தளம் நாகவில்லுவில் இருக்கும் என் உம்மம்மா.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, உம்மம்மாவும் பிள்ளைகளும் மன்னார்த் தீவிலிருந்து படகில் கல்பிட்டிக்குப் போனார்கள். உம்மா அப்போது சிறு பிள்ளை. பாடசாலையில் அவர் பரிசு வாங்கிய படம் ஒன்று வீட்டு அலுமாரியில் இருந்ததாம். அதை எடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. போர் முடிந்தபின் உம்மாவும் வாப்பாவும் ஊருக்குத் திரும்பினார்கள். உம்மம்மா அங்கேயே தங்கிவிட்டார். இப்போது முழங்கால் வலியால் அவரால் பஸ் ஏற முடியாது. “மகள் மேடையில நிண்ட படம்தான் போச்சு, பேத்தி நிண்டா பாக்கணும்” என்று அடிக்கடி சொல்வார். முதல் நாள் பட்டிமன்றத்தில் நானும் பேசினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி எடுத்தேன்.

“சத்தம் கேட்டிச்சு. ஆனா முகம் தெரியுதில்ல மகள். எல்லாம் வெள்ளையா இருந்திச்சு, நடுவுல கறுப்பா இருந்திச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிவை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். வெள்ளைச் சீருடை, வெள்ளை முக்காடு, நடுவில் இருண்ட வட்டங்கள். எங்களில் யார் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிரவு கட்டாரில் வேலை செய்யும் பெரியம்மா மகன் நானாவுக்கு அழைத்தேன். அவர் டோஹாவிலிருந்தபடியே ‘எனிடெஸ்க்’ வழியாக எங்கள் கணினித் திரையைத் திறந்தார். நானும் தோழி ஒருத்தியும் வாப்பாவுடன் மண்டபத்தில் இருந்தோம்.

“கமரா பழுதில்ல. ‘ஓட்டோ’வில விட்டிருக்கிறீங்க, அதுதான் பிழை” என்றார் நானா. கமராவுக்கு முகம் எது, துணி எது என்று தெரியாது. காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே அது பார்க்கும். காட்சியில் வெள்ளை நிறைந்திருந்தால், வெளிச்சம் கூடிவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் மங்கலாக்கும். வெள்ளை தப்பிவிடும். மாநிற முகம்தான் இருளில் போகும்.

பிறகு இதுபற்றித் தேடி வாசித்தேன். பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் படத்தின் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷேர்லி அட்டை’ என்ற ஒன்றைப் புகைப்படம் கழுவி அச்சிடும் கூடங்களுக்குக் கொடுத்ததாம். நீண்ட காலமாக அதில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம். அவளுக்குச் சரியாக வந்தால் எல்லோருக்கும் சரி என்பது கணக்கு. யாரோ ஒருவரை அளவாக வைத்தால் மற்றவர்கள் இருட்டில் நிற்க வேண்டிவரும் என்பதை எங்கள் மண்டபத்திலேயே கண்டேன்.

ஓபிஎஸ்ஸில் கமராவின் ‘பண்புகள்’ பகுதிக்குள் ‘வீடியோவை அமை’ என்று பொருள்படும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கமராவின் சொந்தப் பக்கம் திறக்கும். அங்கே வெளிச்ச அளவுக்கும் வெண்மைச் சமநிலைக்கும் இருந்த ‘ஓட்டோ’ அடையாளத்தை எடுத்துவிட்டோம். மின்விளக்குத் துடிப்பு 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதை மாற்றியதும் திரையில் ஓடிய கோடுகள் நின்றன.

தோழியை மேடையில் நிறுத்தி, அவள் கன்னத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினோம். சற்றுக் கூடிப்போய் அவள் வெளிறித் தெரிந்தாள். “இப்படியே விடு, வடிவா இருக்கு” என்று சிரித்தாள். “இது நீ இல்லையே” என்று குறைத்தேன். நிறம் பார்க்கும்போது நானா கேட்டார்: “எனக்குத் திரையில நீலமாத் தெரியுது. அவட முக்காடு உண்மையில என்ன நிறம்?” ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்திலிருந்து அவரால் எந்தப் பொத்தானையும் அழுத்த முடிந்தது. ஆனால் எது வெள்ளை என்று சொல்ல மண்டபத்தில் ஒருத்தி தேவைப்பட்டாள்.

நிம்மதியாக வயரைக் கழற்றி, கணினியை மூடி, வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை வயரைச் செருகினால் பழைய இருள்! கமரா எல்லாவற்றையும் மறந்து ‘ஓட்டோ’வுக்குப் போயிருந்தது. நானா வேலையில், அழைப்பை எடுக்கவில்லை. கிறாஅத் ஓத வேண்டிய தங்கச்சி மேடை ஓரத்தில் வந்து நின்றுவிட்டாள். இரவு பார்த்த எண்களில் எனக்கு நினைவிருந்தது வெண்மைச் சமநிலை 5600 மட்டும். மற்றவற்றைத் தோழியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மீண்டும் பிடித்தோம். பதினைந்து நிமிடம் தாமதம். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கினோம்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஓபிஎஸ்ஸில் ‘காட்சித் தொகுப்பு’ என்பதை ஏற்றுமதி செய்தால் காட்சிகளும் நாம் சேர்த்த நிற வடிகட்டிகளும் ஒரு கோப்பில் சேமிக்கப்படும். ‘சுயவிவரம்’ என்பதை ஏற்றுமதி செய்தால் படத்தின் அளவும் ஒளிபரப்பு அமைப்பும் சேமிக்கப்படும். எங்கள் விண்டோஸ் கணினியில் கமராவின் சொந்த எண்கள் இரண்டிலும் சேரவில்லை. அவற்றுக்கு ஒரே சேமிப்பிடம், நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி. முதல் பக்கத்தில் ‘காலை’ என்று எழுதி எண்களைக் குறித்தேன். பகலுக்குப் பின் மேற்கு யன்னலால் வெயில் வந்ததும் எண்கள் மாறின. இரண்டாம் பக்கத்தில் ‘மாலை’ என்று எழுதினேன்.

அன்று நன்றியுரை எனக்குரியது. இறங்கியதும் தொலைபேசி அடித்தது.

“இப்பத் தெரியுது மகள். ஒனக்கு ஒங்க உம்மாட மூக்கு. இத்தன நாளா நான் கவனிக்கல்ல.”

பக்கத்தில் நின்ற உம்மா தொலைபேசியை வாங்கி, நெடுநேரம் எதுவும் பேசாமல் காதில் வைத்திருந்தார்.

ஒளிபரப்பும்போதே ஓபிஎஸ்ஸில் பதிவும் செய்திருந்தோம். ஒரு பிரதியைக் கல்லூரிக் கணினியிலும் ஒன்றைப் பென்டிரைவிலும் வைத்தேன். உம்மா பென்டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தண்ணி பட்டாப் போயிடுமா?” என்று கேட்டார். போகலாம் என்றேன். பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சிட்டுத்தான் அலுமாரியில் வைத்தார். இன்னொரு பிரதி இப்போது நாகவில்லுவில் இருக்கிறது.

அந்தக் கொப்பி ஊடகக் கழக அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அடுத்த வருடம் கமராவுக்குப் பொறுப்பேற்கும் தங்கச்சிமாரே, மூன்றாம் பக்கத்திலிருந்து வெற்றாகவே விட்டிருக்கிறேன். நீங்கள் பிடிக்கும் எண்களையும் எழுதி வையுங்கள். தூரத்தில் யாரோ ஒருவருடைய உம்மம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.