முழங்கை மக்கர் பண்ணுதா? பிரேக்கைப் பாருங்க பாஸ்!

டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. ஆனா, எனக்கு வந்த வலிக்குப் பேரு 'டென்னிஸ் எல்போ'! "அது துணி பிழியுறவங்க, சுத்தியல் பிடிக்கிறவங்கன்னு யாருக்கு வேணா வரும் தம்பி" என்றார் பிசியோதெரபிஸ்ட். எனக்கு அது ஷட்டில் காக் தந்த பரிசு.

மணிக்கட்டைத் தூக்குற தசைகள் முழங்கையோட வெளிப்பக்க எலும்பில் ஒட்டுற இடத்துல, தசைநாண் பழுதாகுறதுதான் விஷயம். கையைச் சும்மா தொங்கப்போட்டா பெருசா தெரியாது. எதையாவது இறுக்கிப் பிடிச்சா 'சுரீர்'னு இழுக்கும். சச்சினையே 2004-ல படுத்தியெடுத்த வலி இது. 2005 மே மாசம் அவருக்கு ஆபரேஷன். அதே வருஷம் டிசம்பர்ல டெல்லியில 35-வது டெஸ்ட் சதம்! நம்மில் பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா, மாசக்கணக்குல பொறுமை வேணும்.

அதுவரைக்கும் காலேஜுக்கு சைக்கிள்ல போகலாமா? "டேய், நீ காலாலதானே மிதிக்கிறே?"ன்னு என் ஃப்ரெண்ட்ஸ் கலாய்ச்சாங்க. மிதிக்கிறது கால்தான். நிறுத்துறது கையாச்சே!

நம்ம ஊர் சைக்கிள்கள்ல பெரும்பாலும் வலது கையிலதான் முன் பிரேக். வண்டியைச் சட்டுனு நிறுத்துறது அதுதான். வலிக்குப் பயந்து இடது கையை மட்டும் நம்பினா, பின்சக்கரம் இழுத்துக்கிட்டே போய், தள்ளித்தான் நிக்கும். அந்த நேரம் பார்த்து குறுக்கே ஷேர் ஆட்டோ வந்தா?

அதனால தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு நானே ஒரு டெஸ்ட் வெச்சுக்கிட்டேன். வண்டியை நிறுத்திவெச்சு, ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிப்பேன். வலியில வலது கை விட்டுக்கொடுத்தா, அன்னிக்கு டவுன் பஸ்தான். கிண்டலைப் பத்திக் கவலையே படலை.

சைக்கிள் கடை அண்ணன் பிரேக் கேபிளைப் புதுசா மாத்தி, ரெண்டு விரல்லயே பிடிக்கிற மாதிரி பண்ணிக்கொடுத்தார். உடம்போட பாரம் கையில விழாம இருக்க ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினார். மத்ததெல்லாம் நம்ம கையில. மணிக்கட்டு நேரா இருக்கட்டும். முழங்கையை லேசா மடக்கிவைங்க. ஹேண்டில்பாரைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. பை கேரியருக்குப் போகட்டும். பள்ளம், வேகத்தடைன்னா தூரத்துலயே மெதுவாகிடுங்க.

முதல்ல 10 நிமிஷம் மட்டும் ஓட்டுங்க. லேசான வலி வந்து அன்னிக்கே அடங்கினா பரவாயில்லை. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா, தூரத்தைக் குறைச்சுடுங்க. கை மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

ஒரு நாள் காலையில மதுரை தெப்பக்குளம் ஓரமா ஒரு நாய் குறுக்கே பாய்ஞ்சது. ரெண்டு பிரேக்கும் ஒண்ணாப் பிடிச்சது, வண்டி நின்னுச்சு. நாயும் பிழைச்சது, நானும் பிழைச்சேன்!

ஓட்ட முடியுதான்னு பார்க்காதீங்க பாஸ்... நிறுத்த முடியுதான்னு பாருங்க!